பேன்ஷீ 350: கிளட்ச் வழுக்குகிறதா, ஜெட் பத்தவில்லையா?

மணல்பல்லி:

எல்லோருக்கும் வணக்கம். ஊர் அருப்புக்கோட்டை, பிழைப்பு ஷார்ஜாவில், ஏசி டக்ட் வேலை. ஊரில் இருந்தவரை அப்பாவின் ஆர்எக்ஸ் 100ஐ நானேதான் பிரித்து மாட்டுவேன். அந்தத் தைரியத்தில் போன அக்டோபரில் ஒரு பழைய யமஹா பேன்ஷீ, மணலில் ஓட்டுகிற நாலு சக்கர வண்டி, வாங்கிவிட்டேன். 2004 மாடல், இரட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், கிக்கர் மட்டும்தான். சைலன்சர் இரண்டும் வெளிச் சரக்கு, ஏர் ஃபில்டரும் மாற்றியிருக்கிறது. ஆகஸ்டில் ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளை, எண் கூடினால் பெட்ரோல் கூடும்) எல்லாம் பார்த்து 250 போட்டு வைத்ததாக விற்றவர் சொன்னார்.

பிரச்சினை இதுதான். இன்ஜின் ஓடும்போது கிளட்சைப் பிடித்து ஒன்றாவது கியர் போட்டால் வண்டி ஒரு முழம் முன்னால் குதிக்கிறது. நியூட்ரல் விழவே விழாது. இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால்தான் விழும். கேபிளை இழுத்துப் பிடித்து டைட் வைத்தேன், குதிப்பது குறைந்தது. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை பதாயர் மணல்மேட்டில் ஏற்றும்போது நாலாவது கியரில் சத்தம் மட்டும் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. இறங்கிப் பார்த்தால் தீய்ந்த வாடை.

இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு கராஜில் காட்டினேன். "ஜெட் சின்னது" என்று 290 போட்டு 150 திர்ஹாம் வாங்கிக்கொண்டார்கள். இப்போது பாதி ஆக்சிலேட்டரில் குமுறுகிறது, புகை கக்குகிறது. மேட்டில் அதே கதைதான்.

இன்னொன்று. ராத்திரி குளிரில் ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் சில நொடி உச்சத்திலேயே கத்திவிட்டு அப்புறம்தான் இறங்குகிறது. பிளக் இரண்டையும் கழற்றினேன். வலது பக்கம் பழுப்பு, இடது பக்கம் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை.

நான் கிளட்ச் பிளேட் வாங்கவா, ஜெட் வாங்கவா? இரண்டுக்கும் சேர்த்து இந்த மாதம் காசு இல்லை.

ஸ்பீடு சேட்டா:

நண்பா, இதில் யோசிக்க ஒன்றுமில்லை. கெட்டி கிளட்ச் ஸ்பிரிங் வாங்கிப் போடுங்கள், வழுக்கல் அன்றைக்கே நின்றுவிடும். 290ஐ அப்படியே வையுங்கள். பெட்ரோல் கூடினால் இன்ஜினுக்கு நல்லதுதான்.

கருப்பட்டி350:

தம்பி, இன்னும் எதையும் வாங்காதே. நான் பதாயர் பக்கம் வாடகை குவாட் ஒர்க்‌ஷாப்பில் 11 வருடம் இருந்தவன். இப்போது ஊரில் இருக்கிறேன், திருச்செந்தூர் பக்கம். நீ எழுதியதில் மூன்று தனித்தனி நோய் இருக்கிறது. கராஜ்காரர் மூன்றுக்கும் ஒரே ஊசி போட்டிருக்கிறார்.

சத்தம் ஏறி வண்டி ஏறாவிட்டால் அது கிளட்ச். சத்தமே ஏறாமல் அமுங்கினால்தான் கார்புரேட்டரைச் சந்தேகப்படணும். இந்த ஒரு வித்தியாசத்தைக் காதில் வாங்காமல் எத்தனை பேர் ஜெட் பெட்டியைக் கையில் எடுத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நானே ஒரு காலத்தில் அந்த ஆள்தான்.

சரி, கிளட்சுக்கு வருவோம். உன் வண்டி முதலில் கிளட்ச் பிடித்தும் விடாமல் இழுத்தது. அதைச் சரிசெய்யக் கேபிளை டைட் வைத்தாய். கேபிளில் இருந்த கொஞ்ச பிளேயும், அதாவது தளர்வும், போனது. பிளே இல்லாவிட்டால் நீ லிவரைத் தொடாமலே பாதி கிளட்ச் பிடித்த மாதிரிதான். பிளேட் முழுசாக அழுந்தாது, மணலில் சுமை ஏறும்போது வழுக்கும். ஆக, இழுப்பதற்கு வைத்தியம் பார்த்து வழுக்கலை வரவழைத்துவிட்டாய்.

பேன்ஷீயில் கிளட்ச் அட்ஜஸ்ட்மென்ட் கேபிளில் மட்டும் இல்லை. முக்கியமானது உள்ளே, பிரஷர் பிளேட்டின் நடுவில். ஒரு ஸ்க்ரூவும் லாக் நட்டும் இருக்கும். அதை எட்ட வலது பக்க கவரைக் கழற்றணும். அந்த கவரிலேயே வாட்டர் பம்ப் இருப்பதால் கூலன்ட்டையும் இறக்கணும். அந்தச் சோம்பலில்தான் யாரும் அந்த ஸ்க்ரூவைத் தொடுவதில்லை.

முதலில் கைப்பிடி லிவர் பக்கம் கேபிளை முழுக்கத் தளர்த்து. கூலன்ட், கியர் ஆயில் இரண்டையும் இறக்கு. கிக்கரைக் கழற்று, கவர் வரும். கேஸ்கெட் கிழியத்தான் செய்யும், புதுசு ஒன்று கையில் வைத்துக்கொள். லாக் நட்டைத் தளர்த்து. இப்போது இன்ஜின் மேலே, கேபிள் வந்து மாட்டுகிற சின்ன புஷ் லிவரை ஒரு விரலால் முன்பக்கம் தள்ளு. கொஞ்ச தூரம் தொளதொளவென்று வந்து ஒரு இடத்தில் நிற்கும். பலமாகத் தள்ளாதே, தானாக நிற்கிற இடம்தான் கணக்கு. அங்கே லிவர் முனையில் இருக்கும் குறியும் இன்ஜின் கேஸில் இருக்கும் குறியும் நேருக்கு நேர் வரணும். வராவிட்டால் நடு ஸ்க்ரூவை உள்ளேயோ வெளியேயோ திருப்பி வரவை. ஸ்க்ரூ திரும்பாமல் ஸ்க்ரூடிரைவரால் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்கு. நட்டு இறுகும்போது ஸ்க்ரூ கால் சுற்று கூடவே ஓடிவிடும், அதனால் மறுபடி ஒருமுறை விரலால் தள்ளிப் பார். கடைசியாகத்தான் கேபிள். லிவர் அடியில், அது ஹோல்டரைத் தொடுகிற இடத்தில், 2 முதல் 3 மி.மீ. பிளே விடு.

கவர் திறந்திருக்கும்போது பிளேட்டை எல்லாம் வெளியே எடுத்து மூன்று இடம் பார்க்கணும்.

ஒன்று, பிளேட்டை எல்லாம் சுற்றிப் பிடிக்கிற கிண்ணம், அதாவது கிளட்ச் ஹவுசிங், அதன் விரல்கள். பிளேட்டின் காதுகள் அடித்து அடித்து விரல் ஓரத்தில் படிக்கட்டு மாதிரி பள்ளம் விழுந்திருக்கும். நீ கிளட்ச் பிடிக்கும்போது பிளேட் அந்தப் பள்ளத்தில் மாட்டிக்கொண்டு நகராது. வண்டி குதிப்பதற்கு என் கணிப்பில் முதல் காரணம் இதுதான். நகத்தை வைத்து விரலின் ஓரத்தில் இழு, நகம் தட்டும்.

இரண்டு, புஷ் ராடு. மெயின் ஷாஃப்டுக்குள்ளே சின்ன ராடு, அதற்குப் பின்னால் ஒரு எஃகு குண்டு, அப்புறம் நீள ராடு. பிளே இல்லாமல் ஓட்டினால் அந்தக் குண்டு ஓயாமல் அழுந்திச் சுழன்று சூடாகும். நான் ஒரு வண்டியில் குண்டும் ராடும் ஒட்டிப்போய், ஒரே துண்டாக வெளியே வந்ததைப் பார்த்திருக்கிறேன். காந்தம் வைத்து எடு. குண்டு கீழே விழுந்து உருண்டு ஏதாவது அடியில் போனால் அன்றைக்கு வேலை அவ்வளவுதான்.

மூன்று, பிளேட். வாங்கும் முன் அள. தடிமன் அளக்கிற வெர்னியர் டக்ட் வேலை செய்கிற உன்னிடம் இல்லாமல் வேறு யாரிடம் இருக்கும்! உராய்வு பிளேட் புதுசு 3 மி.மீ. பக்கம் இருக்கும். ஸ்டீல் பிளேட்டைக் கண்ணாடி மேல் படுக்கவைத்து இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் விட்டுப் பார், வளைந்ததும் நீலம் பாய்ந்ததும் வேண்டாம்.

கெட்டி ஸ்பிரிங் பற்றி எழுதிய நண்பருக்கு: கெட்டி ஸ்பிரிங் தப்பில்லை. ஆனால் பிளே இல்லாத கிளட்சில் கெட்டி ஸ்பிரிங் போட்டால் அந்தக் குண்டுக்குத்தான் முதல் அடி. அப்புறம் கை வலித்து, மேட்டின் உச்சியில் லிவரைப் பிடிக்க யோசிப்பார்கள். டூ ஸ்ட்ரோக்கில் அப்படி யோசிக்க முடியாது. ஏன் என்று பிறகு எழுதுகிறேன், இப்போது பேரனைப் பள்ளியில் இருந்து கூட்டி வரணும்.

ஆர்எக்ஸ்_காளை:

அண்ணன் கிளட்சை முழுசாகச் சொல்லிவிட்டார். நான் அந்த வெள்ளை பிளக்கைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். கோவையில் எனக்குச் சின்ன லேத் பட்டறை, டூ ஸ்ட்ரோக் சிலிண்டரைக் கடைந்து போர் போடுவதுதான் முக்கால்வாசி வேலை. பேன்ஷீ இன்ஜின் நம்ம ஊர் ராஜ்தூத் 350க்குத் தாயாதி முறை. போர் (சிலிண்டர் அகலம்) 64 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 54 மி.மீ., 347 சிசி, இரண்டுக்கும் ஒன்றே. அது காற்றில் ஆறுவது, இது தண்ணீரில் ஆறுவது. உறவு என்று நினைத்துப் பாகத்தை மாற்றிப் போட்டுவிடாதீர்கள், பொருந்தாது.

பிளக் வெளுத்தால் காற்று கூடி பெட்ரோல் குறைகிறது என்று அர்த்தம். இரண்டு கார்புரேட்டரிலும் ஒரே ஜெட் இருந்து ஒரு பிளக் மட்டும் வெளுத்தால் குற்றவாளி ஜெட் இல்லை. அந்தப் பக்கம் எங்கேயோ திருட்டுக் காற்று போகிறது. ஆக்சிலேட்டரை விட்டும் சத்தம் இறங்காமல் நிற்பதும் அதையேதான் சொல்கிறது. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள ரப்பர், இரண்டையும் இணைக்கும் குழாய், ரீடு பிளாக் (காற்றை உள்ளே மட்டும் விடும் வால்வு) கேஸ்கெட், கடைசியாக இடது பக்க கிராங்க் ஷாஃப்ட் சீல், இந்த வரிசையில் பாருங்கள். வலது சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை விடும், அது வேறு அடையாளம்.

கண்டுபிடிக்க ஒரு வழி. பழைய பிபி பார்க்கிற கருவி ஒன்று வாங்குங்கள், கையால் அமுக்குகிற பல்பும் கடிகார மீட்டரும் உள்ளது. சைலன்சரைக் கழற்றி இரண்டு எக்ஸாஸ்ட் வாயையும் ரப்பர் ஷீட் வைத்து அடையுங்கள். கார்புரேட்டரை எடுத்துவிட்டு ரப்பர் வாய் இரண்டையும் பிவிசி மூடியால் அடைத்துக் கிளாம்ப் போடுங்கள். ஒரு மூடியில் ஓட்டை போட்டு பிபி கருவிக் குழாயைச் சொருகுங்கள். பிளக் மாட்டியே இருக்கட்டும். 300 வரை ஏற்றுங்கள், அது ஆறு பிஎஸ்ஐக்குக் கொஞ்சம் கீழே. அதற்கு மேல் ஏற்றாதீர்கள். நல்ல இன்ஜின் ஆறு நிமிடம் முள்ளை அசையவிடாது. இறங்கினால் சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவுங்கள். நுரை காட்டிக்கொடுக்கும்.

அதுவரை முழு ஆக்சிலேட்டர் வேண்டாம். இடது பிஸ்டன் ஏற்கெனவே வெந்துகொண்டிருக்கிறது.

மணல்பல்லி:

அண்ணே, இருவருக்கும் நன்றி. நேற்று லீவு, காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தேன்.

கவரைத் திறந்தேன். ஹவுசிங் விரலில் நகம் தட்டுகிறது என்று சொன்னீர்களே, எனக்கு நகம் உட்கார்ந்தே விடுகிறது. எல்லா விரலிலும் இருக்கிறது, இரண்டில் மட்டும் ஆழம். பிளேட் 2.9 இருக்கிறது, ஒன்று மட்டும் 2.8. ஸ்டீல் பிளேட்டில் இரண்டு நீலம் பாய்ந்திருக்கிறது.

புஷ் ராடு கதையைக் கேளுங்கள். சின்ன ராடு வந்தது, குண்டு வரவில்லை. காந்தம் வைத்தாலும் வரவில்லை. வண்டியை இடது பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து, மறுபடி நிமிர்த்தி, கடைசியில் ரூமில் இருக்கும் நேபாளித் தம்பி மறுபக்கத்தில் இருந்து நீள ராடை மெதுவாகத் தட்டினான். டொக்கென்று வந்தது. குண்டு ஒரு பக்கம் தட்டை. சின்ன ராடின் முனை மயில் கழுத்து நிறத்தில் இருக்கிறது. நீள ராடின் முனை காளான் தலை மாதிரி விரிந்து ஓட்டையில் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறது.

புஷ் லிவரின் குறி கேஸ் குறியைத் தாண்டி அரை இஞ்ச் போய் நிற்கிறது. அதாவது உள்ளே இருந்த ஸ்க்ரூவை யாருமே தொட்டதில்லை போல.

பிபி கருவியும் வாங்கினேன், பழைய சாமான் கடையில் 15 திர்ஹாம். 300 ஏற்றினால் ஒரு நிமிடத்தில் 120க்கு வந்துவிடுகிறது. இடது ரப்பரின் அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஒரு வெடிப்பு. சோப்பு போட்டதும் கொழுக்கட்டை அளவுக்கு நுரை. விரலால் ரப்பரை வளைத்தால்தான் வெடிப்பு வாய் திறக்கிறது.

ஹவுசிங்கை மாற்றணுமா, அரம் போட்டுத் தேய்த்தால் போதுமா?

கருப்பட்டி350:

தம்பி, 2.8, 2.9 பிளேட் இன்னும் ஓடும். காசை மிச்சம் பிடி. நீலம் பாய்ந்த ஸ்டீல் பிளேட் இரண்டை மட்டும் மாற்று. ராடு, குண்டு, இடது ரப்பர், கேஸ்கெட். ரப்பரை இரண்டு பக்கமும் மாற்றினால் நல்லது, ஒரே வயதுதானே. நீ பயந்த அளவுக்குச் செலவு வராது.

ஹவுசிங்குக்கு இப்போதைக்கு அரம் போதும். ஆனால் கிரைண்டரைத் தொடாதே. நைசான தட்டை அரம், நீள வாட்டில் மட்டும், மேட்டைத்தான் எடுக்கணும், பள்ளத்தைத் துரத்திக்கொண்டு போகக் கூடாது. எல்லா விரலிலும் ஒரே எண்ணிக்கை, பத்து என்றால் பத்து இழுப்பு. ஒரு விரலில் மட்டும் நிறைய எடுத்தால் பிளேட் அந்தப் பக்கம் தொளதொளக்கும், அப்புறம் மறுபடி அதே பள்ளம் சீக்கிரம் விழும். ஆழமான அந்த இரண்டு விரலும் சுத்தமாக வராது, வரவைக்க முயற்சி செய்யாதே. அடுத்த சீசனுக்குள் வேறு ஹவுசிங் தேடி வை. அலுமினியத் தூள் ஒரு துளி உள்ளே தங்கக் கூடாது. கழற்றி, வெளியே வைத்துத் தேய்த்து, பெட்ரோலில் கழுவு.

பிளேட்டை மாட்டும் முன் கியர் ஆயிலில் ஊறப்போடு, ஒரு ராத்திரி. ஸ்பிரிங் போல்ட் எல்லாம் 6 மி.மீ. போல்ட், எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கு, டக்டில் இறுக்குகிற கையை இங்கே காட்டாதே. ஆயில் டப்பாவில் ஜாசோ எம்ஏ என்று, ஆயிலில் ஓடும் கிளட்சுக்கான தர முத்திரை, போட்டிருக்கணும். காருக்கு ஊற்றுகிற வழவழப்பு ஆயிலை ஊற்றி கிளட்ச் வழுக்குகிறது என்று வந்தவர்களும் உண்டு. ஒன்றரை லிட்டர் பிடிக்கும்.

இனி ஜெட். அன்றைக்குப் பாதியில் விட்டதும் இதுதான்.

2013 ஆகஸ்டில் என் வண்டிக்கு, உன்னுடையதைப் போலவே வெளி சைலன்சர் போட்ட வண்டி, 250 ஜெட் போட்டேன். வெயில் 44 டிகிரி. பிளக்கைக் கழற்றினால் கருப்பட்டி நிறம், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். அதே ஜெட்டோடு ஜனவரியில் ஒரு ராத்திரி, 9 டிகிரி குளிர், கெட்டித் தரையில் ஆறாவது கியரில் விட்டேன். குளிர்ந்த காற்று அடர்த்தி. 44க்கும் 9க்கும் நடுவில் அதே கன அளவில் 12 சதவீதத்துக்கு மேல் காற்று கூடுகிறது. பெட்ரோல் அதற்கு ஏற்ப வரவில்லை. மூன்றாவது ஓட்டத்தில் வண்டி அதுவரை போகாத வேகம் போனது. எனக்கு ஒரே சந்தோஷம். பிஸ்டன் பிடிக்கப்போகிற இன்ஜின் கடைசியில் அப்படித்தான் போகும் என்று அப்போது தெரியாது. கீச்சென்று ஒரு சத்தம், பின் சக்கரம் இரண்டும் அப்படியே நின்றுவிட்டன. எப்போதும் இரண்டு விரலை கிளட்ச் லிவர் மேலேயே வைத்திருக்கும் பழக்கம், யோசிக்கும் முன் விரல் இழுத்துவிட்டது. சக்கரம் விடுபட்டது, வண்டி நேராக உருண்டு நின்றது. அன்றைக்கு உன் கிளட்ச் மாதிரி விடாத கிளட்ச் இருந்திருந்தால் என்னைப் பொறுக்கித்தான் எடுத்திருப்பார்கள். அந்தப் பிஸ்டன் இப்போதும் ஜன்னலில் இருக்கிறது, எக்ஸாஸ்ட் பக்கம் அலுமினியம் வெண்ணெய் தடவின மாதிரி. அதனால்தான் முதலில் கிளட்ச், அப்புறம்தான் ஜெட் என்கிறேன்.

உன் பழைய ஓனர் சொன்னதும் ஆகஸ்ட் ஜெட், கவனி. குளிர் காலத்துக்கு 250 ஆகாது. 290 அதிகம். கராஜில் கார்புரேட்டருக்குள் பெட்ரோலைக் கட்டுப்படுத்தும் ஊசியின் கிளிப்பையும் ஒரு காடி கீழே இறக்கி ஊசியை உயர்த்தியிருப்பார்கள், பாதி ஆக்சிலேட்டர் குமுறல் அதனால்தான் என்று நினைக்கிறேன். கிளிப்பை நடுக் காடியில் வை. 280ல் ஆரம்பித்து இறங்கி வா. பெரிய ஜெட்டில் இருந்து கீழே வரணும், சின்னதில் இருந்து மேலே போகக் கூடாது. எனக்கு ஜனவரியில் 270 நின்றது, உனக்கு 260ஆகவும் இருக்கலாம், உன் பிளக்தான் சொல்லணும்.

புது பிளக் போட்டு, சமமான தரையில் நாலாவது கியரில் முழு ஆக்சிலேட்டர், கொஞ்ச தூரம். கிளட்சைப் பிடி, அதே நொடி கில் ஸ்விட்சை அமுக்கு. மெதுவாக ஓட்டிக்கொண்டு திரும்பி வந்து பிளக் பார்ப்பதில் பயனில்லை, ஐடிலிங் புகைதான் தெரியும். பீங்கானின் அடிப்பக்கம், உள்ளே, டார்ச் அடித்துப் பார்.

கார்புரேட்டரை மாட்டும்போது ஆக்சிலேட்டரோடு எழும்பிக் காற்றுக்கு வழி விடும் இரண்டு ஸ்லைடும் ஒன்றாக எழும்புகிறதா பார். ஒரே அளவு டிரில் பிட் இரண்டை ஸ்லைடு அடியில் வைத்து, கட்டைவிரல் லிவரை அமுக்கினால் இரண்டும் ஒரே சமயத்தில் விழணும். இது சரியில்லாவிட்டால் என்ன ஜெட் போட்டாலும் ஒரு சிலிண்டர் இன்னொன்றைச் சுமக்கும்.

பெட்ரோலில் என்ன அளவு 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் கலக்கிறாய்?

மணல்பல்லி:

20 லிட்டருக்கு ஒரு லிட்டர். கூட இருந்தால் பாதுகாப்பு என்று நினைத்தேன்.

கருப்பட்டி350:

ஆயில் கூடினால் அதே ஜெட் வழியாகப் போகும் பெட்ரோல் குறையும் தம்பி. கலவை இன்னும் வறண்டுதான் போகும். 32க்கு 1 வை, 20 லிட்டருக்கு 625 மில்லி. முதலில் இதை மாற்றிவிட்டு அப்புறம் ஜெட் பார், இல்லாவிட்டால் இரண்டு முறை பார்க்கணும்.

ஸ்பீடு சேட்டா:

கெட்டி ஸ்பிரிங் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். என் வண்டியின் புஷ் ராடை இந்த வாரம் பார்க்கணும் போல.

மணல்பல்லி:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். ரப்பர் இரண்டும், ராடு, குண்டு, ஸ்டீல் பிளேட் இரண்டு, கேஸ்கெட் மாற்றினேன். விரலுக்குப் பன்னிரண்டு இழுப்பு அரம். பிபி மீட்டர் முள் ஆறு நிமிடத்தில் 300ல் இருந்து 295க்கு வந்தது, அது என் பிவிசி மூடி விட்ட காற்று என்று நினைக்கிறேன்.

நியூட்ரல் இப்போது ஓடும்போதே விழுகிறது. முதல்முறை விழுந்ததும் இன்ஜின் நின்றுவிட்டதோ என்று குனிந்து பார்த்தேன்.

ஜெட் 280ல் கருப்பாக இருந்தது. 270லும் கொஞ்சம் கருப்பு. 260ல் இரண்டு பக்கமும் ஒரே நிறம், அண்ணன் சொன்ன கருப்பட்டிக்கு ஒரு சொட்டுப் பால் விட்ட மாதிரி. 260ஐ வைக்கவா, 270க்குத் திரும்பவா?

கருப்பட்டி350:

பால் விடாத நிறம்தான் வேணும். குளிர் முடியும்வரை 270 போடு. மார்ச்சில் வந்து கேள்.

மணல்பல்லி:

சரி அண்ணே, 270. நேற்று பதாயர் மேட்டில் நாலாவது கியரில் உச்சிக்குப் போய்விட்டேன். இரண்டு விரலும் லிவர் மேலேயே இருந்தன.